மலையேறும் பழைய டீசல் பிக்கப்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

நீலகிரியில் பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோவை, திருப்பூர், மேட்டுப்பாளையம் பக்கம் ஓடிய வண்டியைத்தான் பிடித்து வருகிறார்கள். கீழே பிசகில்லாமல் ஓடிய வண்டி, மேலே வந்த சில மாதத்தில் புகை தள்ளும், ஹீட் ஆகும், ஆயில் குடிக்கும். ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினால், "இன்ஜின் வேலை வந்துருச்சுங்ணா" என்ற பதில் சீக்கிரமே வந்துவிடுகிறது. கேரட்டும் பச்சைத் தேயிலையும் ஏற்றி வண்டிக் கடன் கட்டுகிறவருக்கு அந்த ஒரு வரி பல மாத வருமானம்.

அப்படிச் சொல்லப்பட்ட வண்டிகளில் பலவற்றுக்கு இன்ஜினைப் பிரிக்கவே தேவை வராது. ரேடியேட்டர் மூடி, கிழிந்த டர்போ ஹோஸ் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் ரப்பர் குழாய்), அடைத்துப்போன பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற குழாய்) என்று எங்கோ வெளியில்தான் கோளாறு இருக்கும். அதனால் பார்க்கிற வரிசை முக்கியம். வெளியிலிருந்து உள்ளே போங்கள், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டீசலைப் பீய்ச்சுகிற நாசில், ஃபில்டர், டர்போ மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. பாதிக் காசு வீண்.

முதலில் மலை இன்ஜினை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. மூடாத பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்னொன்று, இங்கே லோடு ஓடுகிற விதம். காய் லோடு விடியும் முன்னே கீழே இறங்குகிறது. இன்ஜின் சூடேறும் முன்பே வண்டி இறக்கத்தில் இருக்கும். திரும்பும்போது உரமோ சிமென்ட்டோ அரிசியோ ஏற்றிக்கொண்டு, பர்லியாறு தாண்டிக் குன்னூர் வரை விடாத ஏற்றம். ஒரே நாளில் ஒரு இன்ஜின் ரொம்பக் குளிர்ந்தும் ரொம்பச் சூடாகவும் ஓடுகிறது. கீழே உள்ளவை பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்தும் வருகிற கோளாறுகள்தான்.

காமன் ரெயில், அதாவது எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற டர்போ இன்ஜினை மனதில் வைத்தே எழுதுகிறேன். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிக்கு மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி விழுகிற காலையில் வருகிற புகார் இது. செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

செல்ஃப் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசலைத் தேடாதீர்கள். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், ஆயிலும் கெட்டியாகும். டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே போகிற எர்த் ஒயரைக் கட்டாயம் பாருங்கள். மழைக்கால ஈரத்தில் அது உள்ளுக்குள் பச்சை பூத்து அரித்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டீசல் ஃபில்டர் மேலே உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். சில அழுத்தலில் இறுகிவிட வேண்டும். தினமும் காலையில் தொளதொள என்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்க மலையில் ஒரு நல்ல வசதி உண்டு. ஒரு இரவு வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள், மறு இரவு பள்ளத்தைப் பார்த்து நிறுத்துங்கள். மூக்கு மேலே இருந்த காலையில் மட்டும் தகராறு செய்தால், காற்றுக் கசிவு என்று கிட்டத்தட்ட உறுதி செய்துகொள்ளலாம். ஃபில்டர் சீல், ஹோஸ் கிளிப், டீசல் குழாயை இறுக்குகிற பான்ஜோ போல்ட்டின் செப்பு வாஷர் மூன்றையும் பாருங்கள். பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி மாதிரி தெரிகிற டீசல் டியூபைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டருக்குக் கீழே உள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள். குளிர் இடத்தில் அரை டேங்க் காலியாகக் கிடந்தால் உள்ளே ஈரம் வியர்த்து டீசலில் தண்ணீர் சேரும். மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டுப் படுப்பது நல்ல பழக்கம்.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்குகிற பிளக்) உள்ள வண்டியில் அதை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓம்தான் காட்டும், செத்தது எதுவுமே காட்டாது. பிளக் எல்லாம் சரி என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிற அளவு) பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு பழக்கத்தை விட்டுவிடச் சொல்லிக் கேட்கிறேன். ஒன்று, ஏர் கிளீனருக்குள் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது வெடித்துப் பிஸ்டன் ரிங்கை உடைத்துவிடும். இன்னொன்று, சாவியைப் போட்டுச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் பம்பும் ஓடாது, பிரேக் கல்லாகிவிடும். ஊட்டிச் சரிவில் ஏதாவது குறுக்கே வந்தால் வண்டி நிற்காது.

ஏற்றத்தில் ஹீட் ஆகிறது

மலையில் இன்ஜினைக் கொல்வது முதலில் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வழியில் ஹீட் மீட்டர் முள் ஏறினால் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி பீறிடவில்லை, பெல்ட் அறுபடவில்லை, ஆயில் லைட் எரியவில்லை என்றால் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். நியூட்ரலில் வைத்து, ஐடிலைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓட விடுங்கள். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். அணைத்தால் தண்ணீர் சுற்றுவது நின்று, சிலிண்டருக்கு மேலே உள்ள ஹெட்டின் சூடு அங்கேயே தங்கிவிடும். ஆவியோ, அறுந்த பெல்ட்டோ, ஆயில் லைட்டோ தெரிந்தால் மட்டும் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிகிற அளவு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். குளிர்ந்த ஓடைத் தண்ணீரை அப்படியே சுடுகிற இன்ஜினில் ஊற்றுவது ஹெட்டைப் பிளக்கும். ஆறட்டும், பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பர்லியாறிலோ குஞ்சப்பனையிலோ ஒரு மணி நேரம் காத்திருப்பதில் லோடு கெட்டுவிடாது.

வீட்டுக்கு வந்த பிறகு, எப்போது ஹீட் ஆகிறது என்று பிரித்துப் பாருங்கள். நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன்தான் குற்றவாளி. விஸ்கஸ் ஃபேன் (சூடேறினால் இறுகிச் சுற்றுகிற ஃபேன்) உள்ள வண்டியில், சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கையை எதிர்க்க வேண்டும். பம்பரம் மாதிரி சுற்றினால் அதன் உயிர் போய்விட்டது.

லோடுடன் ஏற்றத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர், மூடி, பெல்ட், ஓட்டுகிற விதம் நான்கையும் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். ஏ.சி. கண்டென்சரோ, டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரோ இருந்தால் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பாருங்கள். தோட்டப் பாதையில் ஓடுகிற வண்டியில் செம்மண்ணும் இலைத்தூளும் பூச்சியும் சேர்ந்து அங்கே மெத்தை கட்டியிருக்கும். பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் குறைந்த வேகத்தில் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

மூடியை ஒரு சின்னச் சாமானாக எண்ண வேண்டாம். நல்ல மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் பிடிக்கும். அந்த அழுத்தத்தால்தான் கொதிநிலை இருபது டிகிரிக்கு மேல் உயர்கிறது. ரப்பர் தேய்ந்த மூடியோடு ஊட்டிக்கு ஏறுகிற வண்டிக்கு, இன்ஜின் வழக்கமாக ஓடுகிற சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். கீழே ஓடும்போது ஹீட் ஆகாத வண்டி மேலே வந்ததும் ஹீட் ஆவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பல முறை பார்க்கலாம். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தாலும் மூடிதான். அதில் உள்ள சின்ன வால்வ் திறக்கவில்லை. பழைய வண்டி வாங்கினால் ஆயில் மாற்றுகிற அன்றே புது மூடியும் போட்டுவிடுங்கள், அதே அழுத்த எண் உள்ளதாக.

அடுத்தது, மிக முக்கியமான சோதனை. இதற்குக் காலை நேரம், முழுதாக ஆறிய இன்ஜின் வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். மூடாமல் ஸ்டார்ட் செய்து, முகத்தை எட்டவே வைத்துக்கொண்டு தண்ணீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழ் வந்து நின்றுபோனால் உள்ளே சிக்கியிருந்த காற்று, பயமில்லை. குமிழ் நிற்காமல் ஒரே சீராக வருகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடுகிறது, தண்ணீர் பொங்கி வழிகிறது, மேல் ஹோஸ் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே கல் மாதிரி இறுகுகிறது என்றால் சிலிண்டரில் எரிகிற வாயு தண்ணீரில் கலக்கிறது. ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அல்லது ஹெட்டில் விரிசல். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து வளைவு பார்க்காமல் புது கேஸ்கட் போட்டுக் கட்ட விடாதீர்கள். வளைந்த ஹெட்டில் எந்த கேஸ்கட்டும் நிற்காது.

முள் திடீரென்று ஏறி இறங்கி ஆடினால் தண்ணீர் குறைந்திருக்கும், இல்லையென்றால் சென்சர் எர்த். வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சின்னத் துளையிலிருந்து கூலன்ட் கலரில் கோடு வழிந்திருந்தால் பம்பு சீல் போய்க்கொண்டிருக்கிறது. பெல்ட் கிறீச்சிட்டால் பெல்ட்டைப் பாருங்கள். இவ்வளவுதான்.

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஹீட் என்றதும் அதைக் கழற்றி எறிந்துவிடுகிற வழக்கம் மலையிலும் இருக்கிறது. ஊட்டி மாதிரிக் குளிர்ந்த ஊரில் இது மெதுவான விஷம். இறக்கத்தில் முள் அடியிலேயே கிடக்கும். சூடேறாத இன்ஜினில் டீசல் முழுதாக எரியாமல் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், கரி படியும், ரிங்கும் சிலிண்டரும் சீக்கிரம் தேயும். கீழே இறங்கும்போது உங்கள் வண்டியின் முள் அடிவரை விழுந்துவிட்டால், முன்பு வைத்திருந்தவர் கழற்றியிருக்கிறாரா என்று தெர்மோஸ்டாட் இருக்கிற கூட்டைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கும். கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டால் அதில் அடித்திருக்கிற டிகிரியில் திறப்பது தெரியும்.

வெறும் தண்ணீர் வேண்டாம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி. துருப் பிடிக்காமல் காப்பதும் அதுதான், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும் அதுதான்.

கடைசியாக ஓட்டுகிற விதம். டீசல் மிச்சம் என்று மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏற்றுகிறவர்கள் நிறைய. ஆக்சிலரேட்டர் அடிவரை, இன்ஜின் சுற்று குறைவு. அப்போது உள்ளே சூடு அதிகம், ஆனால் ஃபேனும் தண்ணீர்ப் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். பேரிங்கிலும் அடி. இரண்டாவது கியருக்கு வந்து, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு அக்கம்பக்கத்தில் பாதி ஆக்சிலரேட்டரில் ஏறினால் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் லோடோடு ஏறுகிற வண்டிக்கு வேறு வழியே கிடையாது.

கறுப்புப் புகை, இழுவை இல்லை

டீசல் அதிகம், காற்று குறைவு என்று பொருள். மலையில் காற்று ஏற்கெனவே மெலிசு. டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு ஊட்டியில் இழுவை கணிசமாகக் குறைவதும், கொஞ்சம் கறுப்புப் புகை வருவதும் இயல்பு. அதைச் சரிசெய்கிறேன் என்று பம்பு ஸ்குரூவைத் திறந்து டீசலைக் கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். கீழே யாராவது "பிக்கப் ஏத்தி", அதாவது இழுவைக்காக டீசலைக் கூட்டி வைத்த பம்பு என்றால் பம்பு ரூமில் கொடுத்துக் கம்பெனி அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

டர்போ வண்டியில் முதலில் ஏர் ஃபில்டர். அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகிற ஹோஸ்கள். ஹோஸின் அடிப்பக்கம் கீறல் விழுந்தால் நிற்கும்போது மூடியிருக்கும், ஏற்றத்தில் அழுத்தம் வந்ததும் திறக்கும். ஏற்றத்தில் "புஸ்" என்ற சத்தமும் இழுவை இறங்குவதும் சேர்ந்து வந்தால் இதுதான். கிளிப் பக்கத்தில் ஆயில் பிசுக்கு தெரிந்தால் அங்கே கசிகிறது. இதெல்லாம் சரி என்றால் ஈ.ஜி.ஆர். வால்வ் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புகிற வால்வ்) கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு நாசிலுக்குப் போங்கள்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் ஒரு சின்ன வேலை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்சுவரில் ஒரு சுற்று தடவுங்கள். லேசான ஆயில் ஈரம் பரவாயில்லை. துணியில் மண் நிறம் ஏறினால், ஃபில்டர் சரியாக உட்காரவில்லை அல்லது குழாய் வெடித்திருக்கிறது. தூசி நேராக சிலிண்டருக்குப் போகிறது. பிஸ்டன் ரிங்கை அரைத்துத் தீர்ப்பதில் தூசியை மிஞ்ச எதுவும் இல்லை. சில நூறு ரூபாய் ஃபில்டரை காம்ப்ரஸர் காற்றில் அடித்து அடித்து மூன்று வருடம் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வேகிறது. கம்ப்ரஸரின் வேகத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்துவிடும். மாற்றிவிடுங்கள்.

ஆயில் குடிக்கிறது, நீலப் புகை

"போர் அடிக்கணும்" (சிலிண்டரைக் கடைய வேண்டும்) என்ற தீர்ப்பு சொல்லப்படுகிற இடம் இது. அவசரப்படாதீர்கள்.

முதலில் உண்மையிலேயே குடிக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் சமதரை கிடைப்பதே அரிது. வீட்டு வாசல் சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தால் அது பொய்தான் சொல்லும். குறைவாகக் காட்டுகிறது என்று மேலே ஊற்றிவிடுவார்கள். அளவுக்கு மீறிய ஆயில் நுரைத்து, பிரீதர் வழியாக டர்போவுக்குப் போய், நீலப் புகையாக வரும். பெட்ரோல் பங்க் தரை மாதிரிச் சமமான ஒரே இடத்தில், அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, எப்போதும் அங்கேயே பாருங்கள்.

பிறகு எப்போது புகைகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குவியல் வந்து அடங்கிவிட்டால் வால்வ் சீல். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து, கீழே மிதித்ததும் குப்பென்று வந்தால் டர்போ சீல் அல்லது வால்வ் சீல். ஏற்றத்தில், சூடான பிறகும், விடாமல் வந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம்.

பேக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டர் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிவதைப் பார்க்க இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி அதே வாயில் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பழைய இன்ஜினுக்கு அது சகஜம். மூடி துள்ளி விழுந்து, வாயிலிருந்து தாளம் போட்டமாதிரி புகை அடித்தால் உள்ளே கசிவு உண்டு. அப்போதும் முடிவு கட்டாதீர்கள். பிரீதர் குழாயைக் கழற்றி அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஈரமும் கரியும் சேர்ந்த பசை அதை அடைத்துவிட்டால் நல்ல இன்ஜினும் இப்படித்தான் நடிக்கும். டர்போவிலிருந்து இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்புகிற ஆயில் குழாய் அடைத்திருந்தாலும் டர்போ ஆயில் கக்கும். புது டர்போ வாங்கும் முன் அந்தக் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகுதான் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டர் கம்ப்ரஷனும் எழுதி வாங்க வேண்டும். "காதுல கேட்டாலே தெரியுதுங்க" என்பதற்கெல்லாம் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

அபூர்வமாக, டர்போ சீல் முழுதாகப் போய் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. வண்டி நிற்கும்போது நடந்தால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளட்சைச் சட்டென்று விட்டு அணைத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் காற்று போகிற வாயைப் பலகையால் அடைக்கலாம், கையை ஒருபோதும் வைக்காதீர்கள். இன்ஜின் உச்சத்துக்குப் போய்விட்டால் எல்லாரும் தள்ளி நில்லுங்கள்.

ஆயில் மூடியில் வெண்ணெய், ஆயில் அளவு கூடுகிறது

மூடுபனியும் மழையும் உள்ள மாதங்களில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மஞ்சள் கலந்த வெள்ளைக் குழம்பு ஒட்டியிருக்கும். ஹெட் கேஸ்கட் என்று அலறவேண்டாம். தோட்டத்துக்கும் ஃபாக்டரிக்கும் நடுவே குறுகிய தூரம் மட்டும் ஓடுகிற வண்டியில், சூடேறாத இன்ஜினுக்குள் ஈரம் வியர்த்து இப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் துடைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் வரை ஒரு நடை போய் வந்தால் அதுவும் காணாமல் போகும். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் டீ நிறத்தில் பாலாகத் தெரிந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

ஆயில் அளவு கூடி, மெலிந்து, டீசல் வாசம் அடித்தால் நாசிலோ பம்பு சீலோ கசிகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டியில் இன்னொரு காரணமும் உண்டு. சைலன்சரில் உள்ள கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசல் செலுத்தும். பாதியிலேயே வண்டியை அணைத்துவிட்டால் அந்த டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். அந்த வடிகட்டிக்கான விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைக்காமல், கையேட்டில் சொன்னபடி சீரான வேகத்தில் ஓட்டி முடிக்க விடுங்கள். அந்த வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40 டின் கையில் இருக்கிறது என்று அதையே ஊற்றிவிடாதீர்கள்.

வெள்ளைப் புகை

குளிர்காலக் காலையில் எல்லா வண்டியும் ஆவி விடும். சூடானதும் மறைந்தால் ஒன்றுமில்லை. கண்ணை எரிக்கிற டீசல் நெடி அடித்தால் எரியாத டீசல். நன்றாகச் சூடான பிறகும் வந்து, தித்திப்பான வாசம் அடித்து, கூலன்ட்டும் குறைந்தால் மேலே சொன்ன குமிழ் சோதனைக்குப் போங்கள்.

வளைவில் ஆயில் லைட் மினுக்குகிறது

கொண்டை ஊசி வளைவில் மட்டும் மினுக்கினால் பெரும்பாலும் ஆயில் குறைவு. சம்பில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் வாய் காற்றை இழுக்கிறது. அங்கேயே நிறுத்தி ஊற்றுங்கள். வண்டியில் எப்போதும் ஒரு லிட்டர் ஆயில் இருக்கட்டும். அளவு சரியாக இருந்தும், சூடான ஐடிலில் லைட் எரிந்தால் கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்காமல் ஓட்டாதீர்கள். சென்சர் கோளாறாகவும் இருக்கலாம், பேரிங் தேய்மானமாகவும் இருக்கலாம். கேஜ் சொல்லட்டும்.

டக் டக் சத்தம்

நாசில் அடிக்கிற சத்தமும் பேரிங் அடிக்கிற சத்தமும் வெளியே ஒன்றுபோலக் கேட்கும். மெக்கானிக்கல் பம்பு வண்டியில் ஒவ்வொரு நாசில் நட்டாகக் கொஞ்சம் தளர்த்தினால், எதைத் தளர்த்தும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டரில் கோளாறு. காமன் ரெயில் வண்டியில் இதைக் கனவிலும் செய்யாதீர்கள். அந்தக் குழாயில் ஓடுகிற அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், தோலைக் கிழித்துக்கொண்டு டீசல் உள்ளே இறங்கிவிடும். அதற்கு நாசில் ரிட்டர்ன் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி சின்ன பாட்டிலை மாட்டி ஐடிலில் ஓடவிட்டால் போதும். மற்றதைவிட எந்த பாட்டில் வேகமாக நிரம்புகிறதோ அந்த நாசில் தேய்ந்துவிட்டது. கனமான சத்தம், லோடில் கூடுகிறது, ஆயில் அழுத்தமும் இறங்குகிறது என்றால் பேரிங். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டாதீர்கள்.

இறக்கத்தில் இன்ஜின் அலறுகிறது

ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேகமாக வந்துவிட்டு, பிரேக்குக்குப் பதிலாகச் சட்டென்று இரண்டாவதுக்கு இறக்கினால் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வைக்கும். டீசலை நிறுத்துகிற கவர்னரோ கம்ப்யூட்டரோ அதைத் தடுக்க முடியாது. வால்வ் பிஸ்டனில் தட்டும், புஷ் ராடு வளையும். முதலில் பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, பிறகு கியரை இறக்குங்கள். நியூட்ரலில் இறங்குவது பற்றிப் பேசவே வேண்டாம்.

ஏறி முடித்து குன்னூரிலோ கோத்தகிரியிலோ டீ குடிக்க நிறுத்தினால், ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போ பேரிங் பிழைக்கும். மலையில் கிலோமீட்டர் குறைவு, இன்ஜின் உழைக்கிற நேரம் அதிகம். அதனால் மீட்டரை மட்டும் நம்பி ஆயில் மாற்றாதீர்கள். பழைய டீசல் பிக்கப்பை 7,000 கிலோமீட்டர் தாண்ட விடக்கூடாது என்பது என் கணக்கு.

கடைசியில் இன்ஜின் வேலையே வந்துவிட்டால்

கம்ப்ரஷன் எழுதி வாங்கியாகிவிட்டது, இறங்கியிருக்கிறது, பிரிக்கத்தான் வேண்டும். சரி. ரிங் மட்டும் மாற்றிக் கட்டுகிறேன் என்றால், முதலில் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு நீள்வட்டமாகியிருக்கிறது என்று லேத்தில் அளக்கச் சொல்லுங்கள். நீள்வட்டமான சிலிண்டரில் புது ரிங் சில மாதம்தான். ஏன் தேய்ந்தது என்ற காரணமும் கையில் இருக்க வேண்டும். தூசியால் தேய்ந்தது என்றால் அந்தக் குழாய் மாறாமல் இன்ஜின் மறுபடி ஏறக்கூடாது. இன்டர்கூலரையும் ஆயில் கூலரையும் கழுவாமல் மாட்ட விடாதீர்கள். பழைய இரும்புத் துகள் அங்கேதான் தங்கியிருக்கும்.

கட்டிய பிறகு முதல் 1,000 கிலோமீட்டர் முழு லோடில் ஏற்றம் வேண்டாம். ஊட்டிக்குள்ளேயே அரை லோடில், ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டி அந்தக் காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். மாவு மாதிரி சாம்பல் பூச்சு முதல் முறை வருவதுதான். நகத்தில் நெருடுகிற துண்டோ, செம்பு நிறமோ தெரிந்தால், லோடு ஏற்றும் முன்னே கட்டியவரிடம் அந்த ஃபில்டரோடு போய் நில்லுங்கள்.